ரியாதுக்கு ஐந்து மணித்தியாலம்

என் கூடப்பிறந்த மூத்தவரான காக்காவின் மகள் காலையிலிருந்து ஃபோனை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. அவளுடைய கணவர் ரியாதிலிருந்து வருகிறார். திரையில் ஈயளவு விமானமொன்று நீலத்தின்மேல் ஊர்கிறது. "கடலுக்கு மேல வந்திட்டார் சாச்சா. அஞ்சு மணித்தியாலம்தானே" என்கிறாள். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஐந்து மணித்தியாலத்தை முதன்முதலில் இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவன் நான்தான்.

எண்பதுகளின் தொடக்கம். கல்முனையில் புதிதாக நியமனம் பெற்ற புவியியல் ஆசிரியன். புது வாத்தியாருக்குத் தெரியாதது உலகத்தில் உண்டா? காக்கா கட்டட வேலைக்கு ரியாது போன வாரம் உம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட அட்லஸை விரித்து, தையல் நூலால் கொழும்புக்கும் ரியாதுக்கும் இடையை அளந்தேன். கொழும்புக்கே பஸ்ஸில் ஒரு பகல் போகிறது, காக்கா விமானக் கணக்கில் ஐந்து மணித்தியாலத்தில்தான் இருக்கிறார் என்றேன். உம்மா அன்று சாப்பிட்டார். கேள்விப்பட்டு, மகன்மாரை அனுப்பிய பெண்களெல்லாம் நூலுடன் வந்தார்கள். சளைக்காமல் அளந்து கொடுத்தேன்.

இன்றும் நூற்கட்டையைக் கண்டால் எனக்குக் கற்பூரம்தான் மணக்கிறது. மையித்தைச் சுற்றும் கபன் துணிக்குள் வைக்கும் கற்பூரம்.

மறு வருடம், விடியற்காலைச் சுபஹு தொழுகைக்குப் பிறகு வாப்பா மௌத்தானார். தபால் கந்தோர் திறந்ததும் காக்காவுக்குத் தந்தி அடித்துவிட்டு ஓடிவந்தேன். எங்கள் பக்கம் மையித்தை வைத்துக்கொண்டிருப்பதில்லை, நடுப்பகல் லுஹர் தொழுகைக்கே அடக்கிவிடுவார்கள். பள்ளிவாசல் மரைக்கார் அடக்கும் நேரம் கேட்டார். உம்மா என்னை உள்ளே கூப்பிட்டார்.

"நீதானே மனே அஞ்சு மணித்தியாலம் எண்டு செல்லினாய். அவன் வந்து வாப்பாட முகத்தைப் பார்க்கட்டும்."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். தந்தி போய்ச் சேர வேண்டும், முதலாளி பாஸ்போட்டைக் கொடுக்க வேண்டும், டிக்கட் கிடைக்க வேண்டும். அதெல்லாம் கிடக்கட்டும், கொழும்பிலிருந்து கல்முனைக்கு வரும் ஒரு பகலையே என் கணக்கு விழுங்கியிருந்தது. உம்மாவின் முகத்தைப் பார்த்தேன். மரைக்காரிடம் போய்ப் பின்னேரம் அசர் தொழுகை மட்டும் பொறுக்கச் சொன்னேன். அதைவிடக் கோழைத்தனமாக நான் எதுவும் செய்ததில்லை.

லுஹர் போனது. உம்மா வளவு வாசல் கடப்பைத் திறந்தே வைக்கச் சொல்லிவிட்டார். நான் கடப்புக்கும் றோட்டுக்கும் நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தேன். வரமாட்டார் என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்தேன். அசர் தொழுததும் வாப்பாவைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கினார்கள். உம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

தந்தி காக்காவின் கைக்குப் போனது மூன்றாம் நாள். ஒப்பந்தம் முடிந்து வந்தவர் நேரே வாப்பாவை அடக்கிய மையவாடிக்குத்தான் போனார்.

"எவ்வளவு நேரம் வெச்சிருந்தீங்க?"

"அசர் மட்டும்."

"ஒண்டும் தெரியாம நான் அங்க கல்லுச் சுமந்துகொண்டு நிண்டிருக்கன்" என்றார். அதற்கு என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

இப்போது காக்காவும் மௌத்தாகிவிட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து றோட்டால் வரும் நேரத்தையும் கூட்டும்படி அவர் மகளிடம் சொல்கிறேன். அதையும் ஃபோனே கூட்டிக் காட்டுமாம், சிரிக்கிறாள். இனிக் கணக்குப் பிழைக்காது. என் பிழையான கணக்கை நம்பி, கடப்பைத் திறந்து வைத்துக் காத்திருந்த உம்மாதான் இல்லை.