குங்குமம் வைத்த இசைத்தட்டு

மெல்பேர்ணில், பழைய பாட்டுக் குழுக்களைப் பற்றிய ஒரு கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்குள் என் இசைத்தட்டு இருந்தது. உறையின் மேல் மூலையில் சிவப்பாய் ஒரு பொட்டு. அருகில் ஒரு சிறிய அட்டை: 'கடைசிக் கச்சேரியில் கூட்டம் எறிந்த போத்தல் பட்டு, பாடகரின் நெற்றியிலிருந்து தெறித்த இரத்தம். பாடகரின் அன்பளிப்பு.' வாசித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். பொயிண்ட் குக்கில் இருக்கும் தன் வீட்டிலிருந்து என்னைக் கூட்டிவந்த மகள், "அப்பா, பிளீஸ்! எல்லாரும் பாக்கினம்," என்றாள். சிரிப்பு நின்ற பிறகுதான் நெஞ்சு வலித்தது.

அந்தப் பாடகர், சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கத்தில் கதவுப் பிடி செய்யும் தொழிற்சாலையில் எனக்குச் சுப்பர்வைசராக இருந்த வெள்ளைக்காரர். காதுக்கு அடைப்பான் போடாதவனைக் கண்டால், அடைப்பான் போட்டவனுக்கும் கேட்கும்படி கத்துவார். அந்தக் குரல் எங்கே பழகியது என்பதை ஒரு தேநீர் இடைவேளையில் சொன்னார். எழுபதுகளில், ஒரு நிலக்கரி ஊரில், நாலு பெடியள் சேர்ந்து, பங்க் என்கிற முரட்டுப் பாட்டுக் குழு ஒன்று வைத்திருந்தார்களாம். அரசாங்கம், சுரங்க முதலாளி, பள்ளி அதிபர் என்று ஒருவர் விடாமல் திட்டிப் பாடி, ஒரேயொரு இசைத்தட்டுப் போட்டார்களாம். கடைசிக் கச்சேரிக்கு வந்தது பதினொரு பேர். அதில் மூன்று பேர் குழுப் பெடியளின் அம்மாமார். "ஒருத்தனாவது ஒரு போத்தலத் தூக்கி எறிஞ்சிருக்கலாம், மேட்," என்றார், கண் கலங்கி. "இத ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதே." அடுத்த நாள் தன்னிடமிருந்த கடைசித் தட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். ஊர்ப் புதினம் எதுவும் தங்காத என் வாயில் தங்கிய ஒரே இரகசியம் அதுதான்.

எங்கள் வீட்டில் இசைத்தட்டுப் போடும் கருவி இல்லை. "கேட்டனியா?" என்று அவர் கேட்கும்போதெல்லாம், "ஒவ்வொரு ஞாயிறும்," என்று கூசாமல் பொய் சொன்னேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு நண்பர் வீட்டில் ஒரேயொரு தடவை போட்டோம். குசினிக்குள் நின்ற அவர் மனைவி, எனக்கு ஏதோ நடந்துவிட்டதென்று அகப்பையோடு ஓடிவந்தா. ஆனாலும் நவராத்திரிக்குப் புத்தகங்களையும் வாத்தியங்களையும் அடுக்கும்போது, மகளின் புல்லாங்குழலுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தேன். "இந்தக் கத்தலுக்கும் பூசையோ?" என்றாள் மனைவி. "பாட்டுத்தானே," என்றேன். தலையில் அடித்துக்கொண்டு, சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தாள். பிறகு வருஷா வருஷம் அதே இடத்தில்.

தான் ஓய்வு பெறும் கிழமையில் சுப்பர்வைசர் அதைத் திருப்பிக் கேட்டார். பழைய குழுக்களைப் பற்றி யாரோ எழுதுகிறார்களாம், உறையைப் படமெடுக்க வேண்டுமாம். "ஒரு கிழமைதான், மேட்." துவாயில் சுற்றி, பிள்ளையைப் போலக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொட்டைப் பார்த்து என்னவென்று கேட்டார், சொன்னேன். "அப்ப நாங்களும் சாமியாயிட்டம்!" என்று சிரித்து என் தோளைத் தட்டினார். அதன் பிறகு அவர் தொலைபேசியை எடுக்கவேயில்லை. மனிதர் படுக்கையில் விழுந்துவிட்டாரோ என்று நான் கோயிலில் அருச்சனைகூடச் செய்தேன். அவரோ என் மனைவியின் குங்குமத்தை இரத்தமாக்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

தட்டைத் தா, திருப்பித் தரமாட்டேன் என்று நேராகக் கேட்டிருந்தால், தந்தேயிருப்பேன். பதினொரு பேர் கதையை என்னை நம்பிச் சொன்ன மனிதர், ஒரு கிழமை என்று என்னிடமே பொய் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"போய்ச் சொல்லுங்கோ, அப்பா. தட்ஸ் அம்மாவின்ர குங்குமம்!" என்று மகள் பிடித்துத் தள்ளினாள். அங்கே நின்ற பெண் ஊழியரிடம் போனேன். குங்குமம் என்று சொன்னால், போத்தலே வரவில்லை என்றும் சொல்ல வேண்டும். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதே" என்ற அவர் குரல் காதில் கேட்டது. "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன்.

வெளியேறுமுன் மறுபடி கண்ணாடியருகே குனிந்து பார்த்தேன். பொட்டைச் சுற்றிச் சந்தனம் மஞ்சளாய்க் காய்ந்திருந்தது. ஆஸ்திரேலியாவிலேயே சந்தனம் கலந்த இரத்தம் ஓடிய ஒரே பாடகர் அவர்தான். அன்று வாயை மூடியவன் இன்று ஏன் எழுதுகிறேன் என்றால், அவருக்கு ஒரு தீராத ஆசை உண்டு. பதினொரு பேரில் ஒருத்தனும் எறியாத அந்தப் போத்தலை, இந்தாரும் சுப்பர்வைசர், நான் எறிகிறேன்.