சங்கரம்மாள் சொன்ன ஆறு அடி

சங்கரம்மாளை எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுநிலையாகச் சொல்கிற ஆள் வேண்டுமென்றால் தெருவில் வேறு யாரையாவது கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் எதிரெதிர் வீடு. தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குக் கல் லாரிகள் ஓடிக்கொண்டிருந்த வருஷங்களில் அவள் வீட்டு முன்னால் ஒரு பிச்சிப் பந்தல் இருந்தது. புருஷன் செத்த பிறகு பதினொரு வருஷம் அந்தப் பந்தல்தான் அவளுக்குச் சோறு போட்டது. மொட்டுப் பறித்து, தொடுத்து, ஏழு மணிக்குள் கோயில் வாசலில் கூடையோடு உட்கார்ந்திருப்பாள்.

அவளுக்கு அடுத்த மனையை வாங்கி மாடிவீடு கட்டினார் ஆவுடையப்பன். ஸ்ரீவைகுண்டம் பக்கம் நெல்வயல்காரர். துறைமுகத்துக்கு ஜல்லி கொடுத்துக் காண்ட்ராக்டர் ஆனவர். வீட்டைவிட வீட்டின் முன்பக்கத்தில்தான் அவருக்கு உயிர். கோயம்புத்தூரில் ஏதோ மில் முதலாளி வீட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அதே மாதிரி பச்சைப் புல்தரை, வளைந்து போகும் பாதை, பாதையோரம் சாய்த்து நட்டு வெள்ளையடித்த செங்கல், கேட்டின் மேல் காகிதப்பூ வளைவு, இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் தொட்டி, நடுவில் ஒரு சிமெண்டுக் கொக்கு. கொக்குதான் முதலில் வந்து சேர்ந்தது. வெறும் மணலில் அது ஒற்றைக்காலில் பல மாதம் நின்றது.

ரோட்டில் வருகிறவன் கண்ணில் முதலில் பந்தல் பட்டது, பிறகுதான் மாடிவீடு. அதை அவரால் தாங்க முடியவில்லை.

“ஏளா, அந்தக் குப்பையைப் பின்பக்கம் கொண்டு போயேன். வீட்டு லட்சணமே கெட்டுப்போவுது.”

“பின்னால வெயில் கிடையாது அண்ணாச்சி. பிச்சி பூக்காது.”

ஆவணித் திருவிழாவுக்கு அவள் திருச்செந்தூர் போன அன்று அவர் ஆளை விட்டு வெட்டிவிட்டார். கொடி, பந்தல்கால் எல்லாம் தரையோடு. நான் ஓடிப்போய்க் கேட்டதற்கு, பாம்பு அடைந்து கிடந்தது என்றார். இந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த நான் இங்கே ஒரு பாம்பையும் பார்த்ததில்லை, அவரைத் தவிர.

சங்கரம்மாள் வந்து பார்த்தாள். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன், தூற்றவில்லை. மறுநாளிலிருந்து உப்பளத்து வேலைக்குப் போனாள். காலையும் மாலையும் தன் கிணற்றில் இரண்டு குடம் இறைத்து, வெட்டுப்பட்ட தூருக்கு ஊற்றினாள். ஐப்பசி மழைக்குப் பிறகு தூரில் நாலைந்து துளிர் கிளம்பியது.

தை மாதம் ஆவுடையப்பன் வீட்டுக்குப் புல் வந்தது. மணல்மேல் செம்மண் பரப்பி, அதன்மேல் குளத்து வண்டல் பரப்பி, பத்தை பத்தையாகப் பதித்தார்கள். அது குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமில்லை. மோட்டார் வைத்து இறைத்ததில் மாசிக்குள் அவருடைய பன்னிரண்டு அடிக் கிணறு தரை தட்டியது. ஆற்றுப் பாசனத்து ஆள் அல்லவா, தண்ணீர் குறைந்தால் கிணற்றை ஆழப்படுத்த வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவில் அப்படிச் செய்ய மாட்டோம். இங்கே மழைத்தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்புத்தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதக்கிறது. பதினான்கு அடிவரைக்கும் நல்ல தண்ணீர். அதற்குக் கீழே கடல். தண்ணீர் குறைந்தால் வாளியை வைத்துவிட்டு ஊறும்வரை காத்திருப்போம்.

உள்ளூர் ஆள் இதைச் சொல்லியிருப்பான். அவரோ கிணறு வெட்டவும் தன் ஊர்ப் பிச்சையாவையே கூட்டிவந்தார். அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. “இங்கன உள்ளவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம்” என்று மேலே ஏறிவந்து சொன்னான்.

ஆவுடையப்பன் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சங்கரம்மாள் தூருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“ஏளா, இந்தத் தெருவுல எத்தனை அடியில நல்ல ஊத்து இருக்கு?”

அவள் குடத்தைக் கீழே வைத்தாள். துளிரை ஒருதரம் பார்த்தாள்.

“இன்னும் ஆறு அடி போங்க அண்ணாச்சி. அங்கனதான் பெரிய ஊத்து.”

அவர் நம்பினார். பந்தலை வெட்டிய வெட்டில் இவளுக்கு மரியாதை வந்துவிட்டது என்று நினைத்திருப்பார். நான் அவளைத் தனியே இழுத்துப் போய், “உன் கிணறு பத்தடி தள்ளித்தான இருக்கு. அவரு மோட்டார் போட்டா உனக்கும்லா உப்பு ஏறும்” என்றேன்.

“தெரியும்.”

“துளிர் விட்டிருக்கே ளா.”

“துளிர்த்தா பூக்கும். பூத்தா மறுபடியும் வெட்டுவான். அவன் நல்லா இருக்கிறதைப் பாத்துக்கிட்டு எனக்குப் பூ எதுக்கு?”

ஆறு அடி தோண்டினார்கள். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. மோட்டார் காலையும் மாலையும் ஓடியது. பத்து நாள் புல் மினுமினுத்தது, பிறகு நுனி கருகியது. தண்ணீர் போதவில்லை என்று இன்னும் கூடுதலாக விட்டார். பங்குனிக்குள் புல்தரை முழுக்கத் தேங்காய்த் தும்பு மாதிரி கிடந்தது. வண்டல்மேல் வெள்ளையாக உப்புப் பூத்தது. எனக்கு வயிறு குளிர்ந்தது. மறைத்துச் சொல்ல என்ன இருக்கிறது. அதற்கடுத்த வாரம் சங்கரம்மாளின் துளிர்களும் சுருண்டன. அவள் தூரைப் பிடுங்கிக் காயவைத்து அடுப்பெரித்தாள். என் கிணறும் லேசாகக் கரிக்கத் தொடங்கியது. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

சித்திரையில் ஒருநாள் துறைமுகத்து ஆபீசர் ஒருவர் ஆவுடையப்பன் வீட்டுக்கு வந்தார். அன்றைக்குப் பார்த்துக் குடிதண்ணீர் வண்டி வரவில்லை. வேறு வழியில்லாமல் ஆவுடையப்பனே செம்பை எடுத்துக்கொண்டு சங்கரம்மாள் வாசலுக்கு வந்தார். நான் அங்கேதான் இருந்தேன்.

“ஏளா, ஒரு செம்பு நல்ல தண்ணி குடு. காப்பி போடணும்.”

அவள் கிணற்றில் இறைத்து ஒரு தம்ளரில் ஊற்றி நீட்டினாள். “மொதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க.”

ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. “உன் கிணறுமா?”

“ரெண்டுக்கும் ஒரே தண்ணிதான அண்ணாச்சி.”

“அப்ப அன்னைக்குத் தெரிஞ்சேவா சொன்ன?”

“தெரிஞ்சேதான் சொன்னேன். மிச்சத்தையும் குடிங்க.”

தன் கிணற்றையே கெடுத்துக்கொண்டவள் இனி எதைச் செய்யமாட்டாள் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். தம்ளரை மடக்கு மடக்காகக் காலிசெய்தார். பிறகு குனிந்து, அதைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.