அழுகண்ணி முளைத்த மணலில்

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் நான் தாவரவியல் நடத்துகிறேன். பூச்சி தின்னும் செடிகளைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் புத்தகத்துப் படத்தைத்தான் காட்டி வந்தேன். போன தை மாதம், ஊருக்கு வெளியே ஏரித் தண்ணீர் வடிந்த மணலில் அழுகண்ணி என்ற பூச்சி தின்னும் செடி முளைத்திருப்பதாக உடன் வேலை செய்யும் ஒருவர் சொன்னார். பொங்கலுக்கு வந்திருந்த தங்கையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு விடிந்ததும் கிளம்பினேன். அவள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு நாளில்கூடத் தூங்க விடமாட்டேன் என்கிறாயே என்று வழியெல்லாம் முணுமுணுத்தாள்.

வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு இறங்கினோம். தூரத்திலிருந்து பார்க்க, மணலில் யாரோ குங்குமத்தைக் கரைத்துத் தெளித்தது போல இருந்தது. கிட்டே போனபோதுதான் அத்தனையும் செடி என்று தெரிந்தது. ஒரு சாண் உயரம், நூல் போன்ற இலைகள், இலை முழுக்கச் சிவந்த ரோமங்கள், ஒவ்வொரு ரோமத்தின் நுனியிலும் ஒரு துளி. வெயில் ஏற ஏறப் புல்லில் இருந்த பனி காய்ந்தது. இந்தத் துளிகள் மட்டும் காயவில்லை.

குப்புறப் படுத்தால்தான் சரியாகப் பார்க்க முடியும். இருவரும் மணலில் படுத்துக்கொண்டோம். என் முகத்துக்கு நேரே ஓர் ஊசித்தட்டான் வந்து இலையில் உட்கார்ந்தது. பறக்கப் பார்த்தது, முடியவில்லை. ஒரு காலை இழுத்தால் இன்னொரு கால் ஒட்டியது. பிறகு இறக்கையும் ஒட்டியது. சுற்றியிருந்த ரோமங்கள் மெல்ல அதன் பக்கம் சாய்ந்தன. உற்றுப் பார்த்தால் எதுவும் நகரவில்லை. கண்ணை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தால் நெருங்கியிருந்தன.

"கத்தவே கத்தாதாக்கா இது?" என்று கிசுகிசுத்தாள் தங்கை.

"அதுக்கு ஏதுடி குரலு?"

"எங்க வார்டுல உசுரு போறப்ப மெஷினாவது கத்தும்."

கொஞ்ச நேரத்தில் அவளால் தாங்க முடியவில்லை. புல் ஒன்றைக் கிள்ளி, புண்ணில் ஒட்டிய பஞ்சை எடுக்கும் பக்குவத்தோடு தட்டானை விடுவித்தாள். அது எழும்பியது. ஒரு முழத் தூரம்கூடப் போகவில்லை, அடுத்த செடியில் போய் இறங்கியது. அவள் மறுபடி கையை நீட்டவில்லை.

அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தோமோ தெரியாது. என் கைமேல் எறும்பு ஊர்ந்தது, தட்டிவிடத் தோன்றவில்லை. காது அடைத்தது போல இருந்தது. தலைக்குப் பக்கத்தில் ஏதோ மணலைக் கிளறியது. கண்ணை மட்டும் திருப்பினேன். காக்கை. தங்கையின் காலருகே இன்னொன்று. மேலும் இரண்டு எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தன.

"ஐயையோ, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க! எவனோ கொன்னு போட்டுட்டுப் பூட்டானே!"

அலறல் தலைக்குமேல் கேட்டது. துள்ளி எழுந்தோம். மாடு ஓட்டிவந்த ஓர் அம்மா, கையில் கோலோடு நின்றிருந்தார். நாங்கள் எழுந்ததைப் பார்த்து இன்னும் மிரண்டு பின்வாங்கினார்.

"செடி பாக்க வந்தோம்மா," என்றேன்.

"செடி பாக்கறவங்க இப்புடியா பொணமாட்டம் படுத்துக்கினு கெடப்பீங்க? கரையில இருந்து கூவிக்கினே வர்றேன். ஒங்க காதுல வுழவே இல்லியா?"

விழவில்லை. இருவர் காதிலும் விழவில்லை.

அந்த அம்மா கோலை ஊன்றியபடி அங்கேயே உட்காரப் பார்த்தார். தங்கை அவரைக் கைத்தாங்கலாகக் கரைக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, நாடி பார்த்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். அவர் பாட்டிலை வாங்கவில்லை. முதலில் தங்கையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார்.

"சூடாத்தான் கீது," என்று தனக்குள் சொல்லிக்கொண்ட பிறகுதான் தண்ணீரைக் குடித்தார்.

அடுத்த வாரம் என் மாணவிகளை அந்த மணலுக்கு அழைத்துப் போனேன். யாரையும் படுக்க விடவில்லை. குனிந்து பார்க்கச் சொன்னேன், சத்தமாகப் பேசிக்கொண்டே பார்க்கச் சொன்னேன்.