மூன்றாவது விரல்

கண்டி குட்செட் பஸ் நிலையத்தருகே ஓட்டோ ஓட்டுகிறேன். புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்குத்தானே என்ற தைரியத்தில் நாள் முழுக்க மென்றுகொண்டிருந்தேன்.

வாய்ப் புற்றுநோய் பற்றி ஆய்வு செய்யும் பல் வைத்தியர்கள் ஒருநாள் எங்கள் தரிப்பிடத்துக்கு வந்தார்கள்.

“மூணு விரலைச் சேர்த்து வாய்க்குள்ள வைங்க அண்ணே” என்றார் ஒரு பெண் டொக்டர்.

இரண்டுதான் நுழைந்தது. கொஞ்ச நாளாகவே காரம் பட்டால் வாய் எரிந்தது நினைவுக்கு வந்தது.

“நான் பொயில போடுறதில்லையே மிஸ்?”

“வாய் இப்படி இறுக பாக்கு மட்டுமே போதும் அண்ணே. விடாட்டி புற்றுநோய்ல கொண்டு விடலாம்.”

ஓட்டோவை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டேன். வாய்ச் சதையில் கொஞ்சம் வெட்டிச் சோதித்து முடிவு வரும்வரை சோறு இறங்கவில்லை. புற்றுநோய் இல்லை. ஆனால் இறுகிய வாய் பழையபடி திறக்காதாம்.

இப்போது பாக்கு நீட்டுகிறவர்களிடம், முதலில் மூன்று விரலை வாயில் வைத்துக் காட்டச் சொல்கிறேன். எனக்கு இன்னும் இரண்டுதான்.