பேரீச்சம்பழத்துக்கு அடியில்

அந்த எவர்சில்வர் டப்பாவின் மூடி இப்போது சரியாக உட்காருவதில்லை. ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது. பூனா விமான நிலையத்தில் என் கையிலிருந்து கீழே விழுந்தபோது வந்த நெளிவு.

பூனாவில் கட்கி பக்கம் தோட்டா ஃபாக்டரி கேன்டீனில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் நான். ஷிஃப்ட் முடிந்து வரும்போது கேட்டில் காக்கி உடுப்புக்காரர் நிற்பார். அவர் கேட்கட்டும் என்று நாங்கள் காத்திருந்ததே இல்லை. டப்பா மூடியைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டுவோம், தலையசைத்த பிறகே நடப்போம். என்னுடையது அல்லாத ஒரு பொருள் ஒருநாளும் என் டப்பாவில் இருந்ததில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் துபாயிலிருக்கும் என் தங்கை என்னை வரவழைத்து ஒரு மாதம் வைத்துக்கொண்டாள். நான் கிளம்பும் அன்று காலை, புது செல்போன் இரண்டை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, நான் கூடவே கொண்டுபோயிருந்த அதே டப்பாவின் அடியில் வைத்தாள். மேலே பேரீச்சம்பழத்தை அழுத்தி நிரப்பினாள். இங்கே பூனாவில், பாணேரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவள் மகனுக்கும் மருமகளுக்குமாம்.

"அங்கயே வாங்கிக்கட்டுமேடி" என்றேன்.

"அங்க யானை விலை குதிரை விலைக்கா. நம்ம நாட்டுல இறங்கினதும் ஒரு வரி. அதையும் சேர்த்து வர்ற விலை மேல இன்னொரு வரி. அதுக்கும் மேல கடைக்காரன் லாபம். பொருள் ஒண்ணுதான், இறங்குற இடந்தான் வேற."

"பிடிச்சுட்டா?"

"உன் வெள்ளைத் தலையை எவன் பிடிப்பான்? வரி கட்ட ஒண்ணுமில்லாதவங்க போற பச்சைப் பலகை வழியில நீ பாட்டுக்கு நட."

விமானத்தில் டப்பாவை மடியை விட்டு இறக்கவில்லை. தண்ணீர் கொடுத்த பெண் சிரித்தால்கூட, தெரிந்துவிட்டதோ என்று மூடியை இன்னும் அழுத்திப் பிடித்தேன். எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பேன், அவ்வளவுதான். இங்கிலீஷ் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் எதை ஒப்புக்கொள்கிறேன் என்றே தெரியாதே என்ற நினைப்பு வழி முழுக்க விடவில்லை.

பச்சை வழியில் முக்கால்வாசி வந்துவிட்டேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் தங்கை மகன் கையசைப்பது தெரிந்தது. ஓரமாக வெள்ளை உடுப்பில் ஒரு பெண் அதிகாரி, என்னைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் உடுப்பைக் கண்டதும் என் கால் நின்றது. கை மூடியைத் திறந்து நீட்டியது.

"அரே ஆஜி, கஜூர்? மலா?" பாட்டி, பேரீச்சம்பழமா, எனக்கா என்று மராத்தியில் கேட்டுச் சிரித்தாள். தனக்குத்தான் பழம் கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். ஆசையாக இரண்டை எடுத்தாள். அந்தக் குழியில் பிளாஸ்டிக் தாள் மின்னியது. அவள் சிரிப்பு நின்றது. டப்பா என் கையிலிருந்து விழுந்தது.

உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மரியாதையாகத்தான் விசாரித்தார்கள். தங்கை மகன் வந்து வரியும் அபராதமும் கட்டினான்.

"பெரியம்மா, இதுக்கு இங்கயே கடையில வாங்கியிருக்கலாம்" என்றான் காரில்.

"நேர்மைத் திலகமே!" என்று தங்கை போனில் கத்தினாள்.

நானே வலியப் போய்க் காட்டினேன் என்று சொந்தக்காரர்கள் மெச்சினார்கள். நான் மறுக்கவில்லை. இப்போது சொல்கிறேன்: அது நேர்மை இல்லை. தெரிந்தேதான் மறைத்துக்கொண்டு நடந்தேன். கைக்கு மட்டும் அது தெரியவில்லை.

இன்றும் பாணேருக்கு அந்த டப்பாவோடுதான் போகிறேன். அடுக்குமாடி வாசலில் வாட்ச்மேன் நிற்கிறார். என் கை தானாக நெளிந்த மூடியைத் திறக்கிறது. உள்ளே எலுமிச்சம்பழச் சாதம். அவர் தலையசைக்கும் வரை எனக்கு மூச்சு வருவதில்லை.