குலை கெட்டுச்சா, கேமரா கெட்டுச்சா?

இன்னைக்குக் காலையில எங்க திராட்சைப் பந்தலுக்குக் கீழ...

நடந்ததை அப்படியே சொல்றேன் மக்களே!

தெரியாதவங்களுக்கு: என் பிஎச்டியே இன்ஃப்ராரெட் கேமராதான். கிராஃபீன் ஷீட் மேல குவாண்டம் டாட் பூசி நானே செஞ்ச சென்சார். நம்ம கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துல படம் எடுக்கும்.

அதுல தண்ணி கருப்பாத் தெரியும். தோலுக்கு அடியில நீர்விட்ட பழம், வெளிய பளபளன்னு இருந்தாலும் மாட்டிக்கும்!

உருப்படியா வேலை செய்யிற சென்சார் மொத்தமே ஒண்ணு. (மத்ததெல்லாம் சாமிகிட்ட போயிருச்சு!) திங்கக்கிழமை கைடு முன்னாடி டெமோ.

அதுக்குள்ள நம்ம கம்பம் பன்னீர் திராட்சையில ஒரு ட்ரையல் பாப்பமேன்னு நேத்து ஊருக்குத் தூக்கிட்டு வந்தேன். (யாரு தூக்கிட்டு வரச் சொன்னா என்னைய?)

முதல் குலையைக் காட்டுனா நடுவுல கருப்புத் திட்டு!

ரெண்டாவது குலை. திட்டு!

மூணாவதும்!!

பத்து மணிக்கு வியாபாரி வர்றாரு, மொத்தப் பந்தலுக்கும் விலை பேச.

அப்பா எட்டிப் பாத்தாரு. "என்னத்தா, கருப்பா என்னமோ தெரியுது?"

"ஒண்ணு, பழம் உள்ளுக்குள்ள கெட்டிருக்கணும்ப்பா. இல்ல, என் சென்சார் போயிருக்கணும்."

மனசுக்குள்ள ஒண்ணு வேண்டிக்கிட்டேன். (என்னன்னு கடைசியில சொல்றேன்.)

அப்பா பந்தலை ஒரு தடவை நிமிந்து பாத்தாரு.

"பழம் கெட்டிருந்தாப் போகுதுத்தா. ஒன் கேமராவுக்கு ஒண்ணும் ஆயிறக் கூடாது."



குலையை விட்டுட்டு மோட்டார் ரூம் வெள்ளைச் சுவத்துப் பக்கம் கேமராவைத் திருப்புனேன். அதே எடத்துல அதே திட்டு! போச்சு, கேமராதான்!

அப்பா மெதுவா, "ஆத்தா, ஒண்ணு சொல்றேன், வையாத. நேத்து பஸ்ல வந்த ஒன் கேமராப் பொட்டி சுட்டுச்சு. பறிச்ச பழத்துக்குப் போடுற மாதிரி ஈரச் சாக்கைப் போட்டு மூடி வச்சேன்."

ஈரச் சாக்கு!! என் சென்சாருக்குப் பரம எதிரியே ஈரம்தான்யா!

மூச்சைப் பிடிச்சுக்கிட்டு முன்மூடியைக் கழட்டுனேன். வெளிக் கண்ணாடிக்கு உள்பக்கம் லேசா வேர்த்திருந்துச்சு. அவ்வளவுதான். சென்சார் அதுக்கும் பின்னாடி, சீல் வச்ச டப்பாவுல பத்திரமா இருந்துச்சு.

தொடைச்சேன். திட்டு காணோம்! மூணு குலையும் சுத்தம்! வியாபாரியும் வந்து விலை பேசி முடிச்சுட்டுப் போயிட்டாரு.

நான் வேண்டிக்கிட்டது என்னன்னா...

"சாமி, பழமே கெட்டிருக்கட்டும்."

அப்பா எனக்காகச் சொன்னதை, நானும் எனக்காகத்தான் வேண்டியிருக்கேன்.

நேர்ல சொல்லத் தைரியம் வரல. அதான் இங்கன அப்பாவை டேக் பண்றேன்.

வையாதீகப்பா.