அடிபணிக

கட்சி அலுவலகத்தில் அவளுக்குச் சந்திப்பிழை என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடம் கட்சிப் பத்திரிகைக்கு மெய்ப்புத் திருத்தியவள். 'கட்சிக் கொடி'யில் ஒரு 'க்' விட்டுப்போனால் போதும், எழுதியவர் தலைவரே ஆனாலும் சிவப்புப் பேனா பாய்ந்துவிடும். பத்திரிகை கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி ஒருநாள் நின்றும் போனது. ஆளை என்ன செய்வதென்று தெரியாமல் கட்சியின் இணையதளத்தை அவள் தலையில் கட்டினார் செயலாளர்.

தளமா அது? திறந்ததும் செயலாளர் சிரிப்பார். கீழே தள்ளினால் மரம் நடுவார். இன்னும் தள்ளினால் யாரோடோ கைகுலுக்குவார். பதினாலு படம் தாண்டி, அழையாத விருந்தாளி மாதிரி ஓரமாக ஒரு படிவம் நிற்கும்: 'தன்னார்வலராகச் சேர.' அதில் பத்தொன்பது கேள்விகள். பாட்டனார் பெயர் ஒன்றுதான் கேட்கவில்லை.

தேர்தலுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வீடு வீடாகப் போய்ப் பேச ஆளில்லை. மாத முடிவுக்குள் தளத்தின் வழியாக நூறு பேராவது சேர வேண்டும், இல்லையென்றால் தளத்தை வெளி நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம், நீங்களும் வீட்டில் ஓய்வெடுக்கலாம் என்று செயலாளர் நயமாகச் சொன்னார். நயமாகச் சொன்னால் வேலை போகாதா என்ன? அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இவரிடம் ஓய்வு கேட்டது யாராம்?

கேட்டால்தானே மறுப்பார்கள் என்று கேட்காமலே பதின்மூன்று படங்களைத் தூக்கினாள். படிவத்தை மேலே ஏற்றினாள். கேள்விகளை மூன்றாக வெட்டினாள்: பெயர், கைபேசி எண், எந்த நேரம் வர முடியும். தொகுதிப் பிரச்சினைகளைப் பற்றி நாலு நாலு வரியில், யாருக்கும் புரிகிற மாதிரி எழுதிப் போட்டாள். ஒரு சந்திப்பிழை கிடையாது. ஒரே வாரத்தில் நாளுக்கு முந்நூறு பேர் படிவம் வரைக்கும் வந்தார்கள். படிவத்தை அனுப்பியவர்கள் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை. வாசல் வரைக்கும் வந்து செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போனால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். தையல் கடை வைத்திருப்பவள், வாயும் கத்தரிதான். தெருவிளக்கு எரியவில்லை என்று மூன்று மனு கொடுத்து அலுத்துப்போயிருந்தாள். அப்படியென்றால் எங்களோடு சேர்ந்து வேலை செய்யேன் என்று கைபேசியைக் கையில் கொடுத்தாள் அண்ணிக்காரி. நாத்தனார் பெயரை அடித்தாள், எண்ணை அடித்தாள், மாலை ஆறு மணிக்கு மேல் என்று அடித்தாள். அதற்குப் பிறகு விரல் நகரவில்லை. கைபேசியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏம்மா, என்னாச்சு?"

"நான் கட்டின புருஷனுக்கே அடிபணியல அண்ணி. உங்க கட்சிக்கு எதுக்கு அடிபணியணும்?"

சந்திப்பிழை கைபேசியைப் பிடுங்கிப் பார்த்தாள். படிவத்துக்குக் கீழே பச்சைப் பொத்தான், அதில் வெள்ளை எழுத்தில் 'அடிபணிக'. ஆங்கிலத்தில் 'சப்மிட்' என்றிருந்ததை யாரோ மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். அதுவும் தனக்குத் தெரிந்த பொருளை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. அனுப்பு என்றிருக்க வேண்டிய இடம். தளத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் மூன்று முறை திருத்தியவள், பொத்தானைப் படிக்கவே இல்லை. அது எழுத்து என்றே அவளுக்குத் தோன்றவில்லை, இயந்திரத்தின் உறுப்பு என்று விட்டுவிட்டாள். ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழனிப் பானையில் விழுந்த கதை. வெட்கத்தில் முகம் சுட்டது. அடுத்த நிமிடம் இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

'அனுப்பு' என்று மாற்றியிருக்கலாம். நாத்தனாரிடம் கேட்டாள்: உன்னை ஒருத்தர் வேலைக்குத் துணைக்கு வரச் சொன்னால் என்ன சொல்வாய்? "நானும் வர்றேன்னு சொல்வேன், வேறென்ன" என்றாள் அவள். பேச்சு வழக்கைக் கண்டாலே பேனாவைத் தேடுகிறவள், அன்றைக்கு அதை அப்படியே பொத்தானில் ஏற்றினாள்: 'நானும் வர்றேன்.'

முதலில் அழுத்தியது நாத்தனார். மாத முடிவில் நானூற்றுப் பதினேழு பேர்.

செயலாளர் பொத்தானைப் பார்த்துவிட்டு, வருகிறேன் என்பதல்லவா சரி, நீங்களே இப்படி எழுதலாமா என்றார். பிழைதான் ஐயா, ஆனால் திருத்த மாட்டேன் என்றாள் அவள். அவர் தன் அறைக்குள் போய்விட்டார். வேலை இருக்கிறதா போய்விட்டதா என்று மட்டும் சொல்லவில்லை.

தன்னார்வலர்களின் முதல் கூட்டத்துக்கு அரங்கில் நாற்காலி போதவில்லை. செயலாளர் உள்ளே நுழைந்ததும் பழைய கட்சிக்காரர்கள் வழக்கம்போலத் துள்ளி எழுந்தார்கள். தளத்தின் வழியாக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்வரிசையில் நாத்தனார் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். செயலாளரின் பார்வை அவள் மேல் நின்றது. பின்னால் நின்றிருந்த சந்திப்பிழை குனிந்தாள். போச்சு, இருந்த வேலையும் போச்சு என்று நாத்தனாரின் தோளைப் பிடித்து இழுத்தாள்.

நாத்தனார் அசையவில்லை. அரங்கத்துக்கே கேட்கிற குரலில் சொன்னாள்: "நானும் வர்றேன்னுதானே அழுத்தினேன். எந்திரிக்கிறேன்னா அழுத்தினேன்?"

எழலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். செயலாளர் மேடைக்குப் போகாமல், மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்தார். உங்கள் தெருவில் என்ன பிரச்சினை என்று நாத்தனாரிடம்தான் முதலில் கேட்டார்.

கூட்டம் முடிந்து வெளியே போகிறபோது, சந்திப்பிழையின் பக்கம் திரும்பி, "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடுங்கம்மா, வேலை நிறைய இருக்கு" என்றார்.